காமிராவுக்கு முன்னால் கால் நடக்கட்டும்!

கம்பத்தில் இன்னும் பொழுது விடியவில்லை. தெரு முனையில் ஒரு ஜீப் நிற்கிறது. பெண்கள் அவசர அவசரமாக வருகிறார்கள். கையில் தூக்குவாளி. அதற்குள் மதியச் சோறு. தலையில் முக்காடு. மலைக் குளிருக்கு ஒரு பழைய சட்டை, சேலைக்கு மேலே.

ஒருவரை ஒருவர் இடித்துக்கொண்டு ஏறி உட்காருகிறார்கள். ஜீப் கிளம்புகிறது. கம்பம்மெட்டு வழியாகவோ, குமுளி வழியாகவோ அது மலை ஏறும். போடிப் பக்கத்து ஜீப் என்றால் போடிமெட்டு வழியாக ஏறும். மலைக்கு அப்பால் கேரளம். அங்கே ஏலத்தோட்டங்கள். நாள் முழுதும் குனிந்து வேலை. இருட்டும் நேரத்தில் அதே ஜீப்பில் இறக்கம். தினந்தோறும் இதே பயணம்.

காலை 10 மணிக்கு அதே பாதையில் வேறு வண்டிகள் வருகின்றன. வெளியூர் வண்டிகள். வளைவுக்கு வளைவு நிற்கின்றன. இளைஞர்கள் இறங்குகிறார்கள். செல்போனை நீட்டுகிறார்கள். பள்ளத்தாக்கு, மேகம், சாரல், திராட்சைத் தோட்டம், சுருளி அருவி எல்லாவற்றையும் எடுத்துக்கொள்கிறார்கள். சிலர் குட்டி விமானம் போல் ஒன்றைப் பறக்கவிட்டு, ஆகாயத்திலிருந்தும் படம் பிடிக்கிறார்கள். ஊருக்குப் போனதும் ஒரு பாட்டைச் சேர்த்து, "தேனிக்கு ஒரு பயணம்" என்று வெளியிடுகிறார்கள். பார்க்கிறவர்களும் "ஆகா!" என்கிறார்கள்.

அழகுதான். யார் இல்லை என்றார்கள்? ஆனால் விடியற்காலையில் போன ஜீப் அந்தப் படத்தில் இல்லை.

ஒரு நாள் வந்து போகிறவரின் பயணம் படம் ஆகிறது. ஆண்டு முழுதும் மலை ஏறி இறங்குகிறவரின் பயணம் படம் ஆவதில்லை. இது சரிதானா?

மூத்த பிள்ளை

பயணப் படம் ஏதோ நேற்று வந்த புதுமை என்று நினைக்க வேண்டாம். சினிமாவின் மூத்த பிள்ளையே அதுதான்.

பிரான்சு நாட்டு லூமியேர் சகோதரர்கள் 1895-ல் பாரிசில் பணம் வாங்கிக்கொண்டு படம் காட்டினார்கள். அடுத்த ஆண்டே அவர்களுடைய ஆட்கள் காமிராவைத் தூக்கிக்கொண்டு உலகம் பூராவும் கிளம்பிவிட்டார்கள். 1896 ஜூலை 7-ந் தேதி பம்பாயில் படம் காட்டப்பட்டது. அதே 1896-ல் அவர்களுடைய ஆள் ஒருவர் வெனிஸ் நகரத்தில் ஒரு படகில் காமிராவை வைத்தார். படகு போயிற்று. கரையில் இருந்த மாளிகைகள் நகர்ந்தன! அதுவரை ஆடாமல் அசையாமல் நின்ற காமிரா, பயணம் போகக் கற்றுக்கொண்டது இப்படித்தான்.

அப்போது கதை இல்லை. கதாநாயகன் இல்லை. பாட்டு, சண்டை எதுவும் கிடையாது. ஊர் ஊராகப் போய், கண்ட காட்சியைக் கொண்டுவந்து காட்டினார்கள். அதையே இன்று ஒருவர் செய்தால் "சோதனைப் படம்" என்று பெயர் வைக்கிறார்கள்.

ஈரான் நாட்டு டைரக்டர் அப்பாஸ் கியாரஸ்தமி 2002-ல் ஒரு படம் எடுத்தார். பெயர் "பத்து". படம் முழுவதும் ஒரே காருக்குள் நடக்கிறது. காரின் முன்பக்கத்தில் சின்னக் காமிராக்களைப் பொருத்தினார். ஒரு பெண் காரை ஓட்டுகிறாள். ஏறுகிறவர்களோடு பேசுகிறாள். பத்து பேச்சுக்கள், அவ்வளவுதான் படம். செட்டு இல்லை. பெரிய விளக்குகள் இல்லை. உலகமே அந்தப் படத்தைப் பற்றிப் பேசியது.

டெஹ்ரான் நகரத்து காரில் ஒரு படம் இருக்குமானால், கம்பத்து ஜீப்பில் ஒரு படம் இருக்காதா?

ஒரு லட்சம் மைல்

இந்த இடத்தில் ஒரு தமிழரை நினைக்க வேண்டும். அவர் பெயர் ஏ.கே.செட்டியார். செட்டிநாட்டுக் கோட்டையூர்க்காரர். 1911-ல் பிறந்தவர். ஜப்பானுக்குப் போய் போட்டோக் கலை படித்தார். பிறகு அமெரிக்காவிலும் படித்தார்.

1937 அக்டோபர் 2-ந் தேதி. நியூயார்க்கிலிருந்து அயர்லாந்துக்குக் கப்பலில் போய்க்கொண்டிருந்தார். அன்று காந்தியடிகள் பிறந்த நாள். நடுக்கடலில் அவருக்கு ஒரு யோசனை தோன்றியது: காந்தியின் வாழ்க்கையை ஏன் படமாக எடுக்கக் கூடாது? நடிகரை வைத்து அல்ல. உண்மையான காந்தியையே வைத்து!

யோசனை நன்றாகத்தான் இருந்தது. ஆனால் காந்தி தென்னாப்பிரிக்காவில் இருந்தது எப்போது? தண்டி யாத்திரை நடந்தது எப்போது? நடந்து முடிந்ததை மறுபடி எடுக்க முடியுமா? அப்போது எடுத்தவர்கள் யார் யாரோ. அந்தப் பிலிம் எங்கெங்கோ கிடந்தது. செட்டியார் அதைத் தேடிப் புறப்பட்டார். நாடு நாடாகப் போனார். கேட்டார். கெஞ்சினார். காத்திருந்தார். சுமார் 3 ஆண்டு. சுமார் ஒரு லட்சம் மைல் பயணம். 30 ஆண்டுக் காலத்தில் சுமார் 100 காமிராக்காரர்கள் எடுத்த 50,000 அடி பிலிமை அவர் சேர்த்தார்.

50,000 அடி என்றால் எவ்வளவு? பேசும்படம் ஒரு நிமிஷத்துக்கு 90 அடி ஓடும். ஆகவே இடைவிடாமல் ஓடினால் 9 மணி நேரத்துக்கு மேல் ஆகும். அதிலிருந்து பொறுக்கி, வெட்டி, ஒட்டி, 12,000 அடிப் படம் ஆக்கினார். அதாவது சுமார் இரண்டேகால் மணி நேரம். நாலில் மூன்று பங்கை வேண்டாம் என்று ஒதுக்க மனசு வர வேண்டுமே! தேடி அலைந்தவருக்கு அது எவ்வளவு கஷ்டம் என்பது தேடி அலைந்தவர்களுக்குத்தான் தெரியும்.

அந்தக் காலத்துப் பிலிம் எளிதில் தீப்பற்றக்கூடியது. 1939-ல் உலகப் போர் வேறு தொடங்கிவிட்டது. இவ்வளவுக்கும் நடுவில் 1940 ஆகஸ்டு 23-ந் தேதி படம் சென்னையில் திரைக்கு வந்தது. நாட்டை வெள்ளைக்காரன் ஆண்டுகொண்டிருந்தபோது, வெள்ளைக்காரனை எதிர்த்தவரைப் பற்றிய படம்!

செட்டியார் ஸ்டூடியோ முதலாளி அல்ல. பெரிய நட்சத்திரமும் அல்ல. கப்பலில் யோசனை தோன்றியபோது அவருக்கு 25 வயதுதான் இருக்கும். தம்மை முன்னால் நிறுத்திக்கொள்ளும் பழக்கமும் அவருக்குக் கிடையாது. எத்தனையோ பயணக் கட்டுரைகள் எழுதினார். அவற்றில் ஊர் தெரியும், மக்கள் தெரிவார்கள், செட்டியார் தலை தெரியாது. இன்றையப் பயணப் படங்களிலோ பாதி நேரம் பயணம் போனவரின் முகமே தெரிகிறது. மலை அவருடைய காதுக்குப் பின்னால் கொஞ்சம் எட்டிப் பார்க்கிறது!

தேனி கொடுத்தது, தேனி கேட்பது

தேனிப் பக்கம் சினிமாவுக்குப் புதியது அல்ல. பண்ணைப்புரம் இளையராஜாவைக் கொடுத்தது. அல்லிநகரம் பாரதிராஜாவைக் கொடுத்தது. 1977-ல் பாரதிராஜாவின் "16 வயதினிலே" வந்தது. ஸ்டூடியோவுக்குள் அட்டையால் கட்டிய கிராமத்தை விட்டுவிட்டு, நிஜ மண்ணுக்கு வந்தது தமிழ் சினிமா. அதில் ஒரு வேடிக்கை உண்டு. அல்லிநகரத்துக்காரர் எடுத்த அந்தக் கிராமத்துப் படம், மைசூர் – கொள்ளேகால் பக்கத்தில் எடுக்கப்பட்டது!

பிறகு படப்பிடிப்புக்காரர்கள் தேனிக்கும் வந்தார்கள். பச்சை வயலைக் கண்டார்கள். தென்னந்தோப்பைக் கண்டார்கள். முல்லைப் பெரியாற்றுத் தண்ணீர் பாயும் பூமி இது; பென்னிகுயிக் கட்டிய அணை 1895-ல் திறக்கப்பட்டது முதல் பள்ளத்தாக்கு பச்சைதான். டூயட் பாட்டுக்கு அருமையான இடம்! பாட்டு முடிந்ததும் மூட்டை கட்டிக்கொண்டு போய்விட்டார்கள். வயலில் நாற்று நட்ட பெண்கள், தூரத்தில் புள்ளி புள்ளியாகத் தெரிந்ததோடு சரி.

அந்தப் புள்ளிகளை அருகே போய்ப் பார்த்த படம் ஒன்று வந்தது. "மேற்குத் தொடர்ச்சி மலை" அதன் பெயர். டைரக்ட் செய்தவர் லெனின் பாரதி. படஅதிபர் நடிகர் விஜய் சேதுபதி. ஆனால் அவர் அதில் நடிக்கவில்லை. இசை இளையராஜா. காமிரா தேனி ஈஸ்வர். 2018 ஆகஸ்டு 24-ந் தேதி திரைக்கு வந்தது.

கதாநாயகன் ரங்கசாமி நிலமில்லாத கூலித் தொழிலாளி. மலைக்கு மேலே போய் ஏலக்காய் மூட்டையைச் சுமந்து கீழே இறக்குவது அவன் வேலை. ஒரு துண்டு நிலம் வாங்க வேண்டும் என்பது அவன் ஆசை. வேறு எதுவும் கிடையாது. படத்தின் பெரும் பகுதி நடைதான். ஏறுகிறார்கள்; பேசுகிறார்கள்; களைத்து உட்காருகிறார்கள்; மறுபடி ஏறுகிறார்கள். வழியில் டீக்கடை. வழியில் கோயில். வழியில் ஒரு கிழவர். காமிராவும் கூடவே மூச்சு வாங்க ஏறுகிறது. நடித்தவர்களில் பலர் அந்தப் பக்கத்து மக்களே. மூட்டையைத் தலையில் ஏற்ற அவர்களுக்கு யாரும் சொல்லித் தர வேண்டியது இருக்கவில்லை.

கடைசிக் காட்சி ஆகாயத்திலிருந்து எடுத்தது. ரங்கசாமி சிறியவனாகிறான், இன்னும் சிறியவனாகிறான். சுற்றிலும் காற்றாலைகள் சுழல்கின்றன. அவன் வாங்கிய நிலம் இப்போது யாருடையது, அவன் அங்கே என்ன வேலை பார்க்கிறான் என்பது தெரிகிறபோது நெஞ்சு அடைக்கிறது. பறக்கும் காமிரா தப்பு என்று யாரும் சொல்லவில்லை. எதற்காக மேலே போகிறோம் என்பது தெரிந்து போக வேண்டும். அவ்வளவுதான்.

மேலூர்ப் பக்கம் அரிட்டாபட்டிக் காட்டில் இன்னொரு படம் எடுத்தார்கள். பி.எஸ்.வினோத்ராஜின் "கூழாங்கல்". குடிகாரத் தகப்பன், சின்ன மகன். பொட்டல் காட்டில், கொளுத்தும் வெயிலில் இரண்டு பேரும் 13 கிலோமீட்டர் நடக்கிறார்கள். இதுதான் படம்! ஒன்றேகால் மணி நேரம். டைரக்டருடைய குடும்பத்தில் நடந்த ஒரு வேதனையிலிருந்து பிறந்த கதை. 2021-ல் ஹாலந்து நாட்டு ராட்டர்டாம் விழாவில் அது முதல் பரிசான "புலி" விருதைத் தட்டிக்கொண்டு வந்தது. தமிழ்ப் படம் எதற்கும் அதற்கு முன் கிடைக்காத விருது.

அவரே 2024-ல் "கொட்டுக்காளி" எடுத்தார். ஷேர் ஆட்டோவில் ஒரு குடும்பம் போகிற பயணம். பின்னணி இசையே இல்லை. அது தியேட்டருக்கு வந்தது ஆகஸ்டு 23-ந் தேதி. செட்டியார் படம் வந்த அதே தேதி! தற்செயல்தான். ஆனால் நல்ல தற்செயல்.

180 சாப்பாடு

"இதெல்லாம் சரி. கையில் காசு இல்லாதவன் என்ன செய்வது?" என்று கேட்கலாம். நியாயமான கேள்வி.

காமிராவின் விலை இப்போது பெரிய தடை அல்ல. நல்ல செல்போன் போதும். தடை வேறு இடத்தில் இருக்கிறது. சோற்றுப் பானையில் இருக்கிறது!

ஆறு பேர் சேர்ந்து பத்து நாள் படம் எடுக்கிறார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆளுக்கு மூன்று வேளை. 180 சாப்பாடு ஆயிற்று. டீயும் வடையும் தனி. அறை வாடகை, பஸ் செலவு, ஜீப் வாடகை தனி. மழை பெய்தால் இரண்டு நாள் வீண். அந்த இரண்டு நாளும் வயிறு சும்மா இருக்காது. முதல் படம் எடுக்கும் பிள்ளைகள் காமிராவுக்கு லென்சு வாங்குவார்கள். சாப்பாட்டுக் கணக்கை எழுத மறந்துவிடுவார்கள். ஏழாம் நாள் கை வறண்டுவிடும். எட்டாம் நாள் நண்பர்களுக்குள் சண்டை வரும். பாதிப் படத்தோடு எல்லோரும் பஸ் ஏறுவார்கள். எத்தனையோ படங்கள் இப்படிப் பாதியில் நின்றிருக்கின்றன.

ஆகவே ஆளைக் குறைக்க வேண்டும். நாளைக் கூட்ட வேண்டும். மூன்று பேர் போதும்: ஒருவர் காமிரா, ஒருவர் ஒலி, ஒருவர் பேச்சு வார்த்தைக்கும் கணக்குக்கும். இந்த மூன்றாவது ஆள்தான் மற்ற இருவரையும்விட முக்கியம் என்பது படப்பிடிப்பின் முதல் நாளே தெரிந்துவிடும்.

வங்காளத்தில் சத்யஜித் ரே "பாதேர் பாஞ்சாலி" எடுத்த கதை பலருக்குத் தெரிந்திருக்கும். அவர் விளம்பரக் கம்பெனியில் வேலை பார்த்தவர். 1952-ல் தொடங்கினார், ஞாயிற்றுக்கிழமைகளில் படம் எடுத்தார். முதல் நாள், வெள்ளை வெளேர் என்று பூத்த நாணல் காட்டில் படப்பிடிப்பு. பாதிக் காட்சி முடிந்தது. மீதியை அடுத்த ஞாயிறு எடுக்கலாம் என்று போனார். போய்ப் பார்த்தால் பூவைக் காணோம். மாடுகள் மேய்ந்துவிட்டன! மறுபடி பூக்க ஒரு வருஷம் காத்திருந்தார். பணம் தீர்ந்தது. மனைவியின் நகை அடகுக்குப் போயிற்று. கடைசியில் மாநில சர்க்கார் பணம் கொடுத்தது. படத்தின் பெயருக்குப் "பாதையின் பாட்டு" என்று பொருள். அதனால் சாலை மராமத்துக் கணக்கில் அந்தப் பணத்தை எழுதினார்களாம்! 1955-ல் படம் வந்தது, உலகம் வியந்தது.

கம்பம் பள்ளத்தாக்கில் படம் எடுக்கிறவர்களும் மாட்டை மறக்கக் கூடாது. இங்கே வழக்கமாக ஜூன் தொடக்கத்தை ஒட்டி அணைத் தண்ணீர் திறப்பார்கள். பிறகுதான் நாற்று, நடவு. ஏலக்காய் பறிப்புக்குத் தனிப் பருவம். திராட்சை மட்டும் ஆண்டு முழுதும் எங்காவது ஒரு தோட்டத்தில் பழுத்திருக்கும். நடவை எடுக்க வந்தவர் அறுப்புக்கு வந்து நின்றால் யார் என்ன செய்வது? டீக்கடையில் உட்கார்ந்து விவசாயியிடம் இரண்டு வார்த்தை கேட்டிருந்தால் போதும்.

ஒலியும் அப்படித்தான். மலையில் காற்று சும்மா இருக்காது. மைக்கில் அடித்து "உர்... உர்..." என்று உறுமும். மைக்குக்கு ஒரு ரோம உறை போட வேண்டும். ஒவ்வொரு இடத்திலும் யாரும் பேசாமல் ஒரு நிமிஷம் அந்த இடத்தின் ஒலியை மட்டும் பிடித்து வைத்துக்கொண்டால், படத்தை வெட்டி ஒட்டும்போது அது கைகொடுக்கும். படம் கொஞ்சம் மங்கலாக இருந்தாலும் ஜனங்கள் பொறுத்துக்கொள்வார்கள். பேச்சு புரியாவிட்டால் எழுந்து போய்விடுவார்கள்.

பஸ்ஸில் எடுத்தால் இன்னொரு தொல்லை. பண்ணைப்புரத்துக்காரர் பாட்டு ஒலிக்காத பஸ் இந்தப் பக்கம் ஓடுமா? அந்தப் பாட்டு படத்தில் விழுந்தால், உரிமை பெற வேண்டும். பணம் கட்ட வேண்டும். டிரைவரிடம் கேட்டுப் பத்து நிமிஷம் பாட்டை நிறுத்துவது மலிவு.

அன்றன்று எடுத்ததை இரண்டு பிரதி எடுத்து, இரண்டு பேர் பையில் வைக்க வேண்டும். ஒரு பை தொலைந்தாலும் படம் தப்பும்.

காடு யாருக்கும் சினேகிதன் அல்ல

அனுமதி விஷயத்தில் மட்டும் அலட்சியம் கூடவே கூடாது. மேகமலை இப்போது வெறும் மலை அல்ல. 2021 முதல் அது ஸ்ரீவில்லிபுத்தூர் – மேகமலை புலிகள் காப்பகத்தில் சேர்ந்தது. வனத்துறையின் அனுமதி இல்லாமல் காட்டுக்குள் காமிராவோடு நுழைவது குற்றம். பறக்கும் காமிராவுக்கும் அதே கட்டுப்பாடுதான்.

"ரெண்டு நிமிஷம்தானே, யாருக்குத் தெரியப்போகிறது?" என்பவர்கள் 2018 மார்ச் 11-ந் தேதியை நினைத்துப் பார்க்கட்டும். போடிக்கு மேலே குரங்கணி மலை. கொழுக்குமலையிலிருந்து இறங்கிய மலையேற்றக் கூட்டத்தைக் காட்டுத்தீ வளைத்துக்கொண்டது. காய்ந்த புல், சரிவு, காற்று. ஓட இடமில்லை. சென்னையிலிருந்தும், ஈரோடு – திருப்பூர்ப் பக்கங்களிலிருந்தும் வந்தவர்கள். பெரும்பாலும் சின்ன வயசு. 20க்கும் மேற்பட்டவர்கள் மாண்டுபோனார்கள். மலை அடிவாரத்துக்காரர்களிடம் கேட்டால் சொல்வார்கள், மாசி பங்குனியில் அந்தப் புல் எப்படிப் பற்றும் என்று. மேலே ஏறியவர்களில் எத்தனை பேர் கேட்டிருப்பார்கள்?

ஒரு காட்சிக்காக உயிரைக் கொடுக்க வேண்டியதில்லை. கூட வந்த நண்பனின் உயிரைக் கொடுக்க யாருக்கும் உரிமை இல்லை.

"இன்னொரு தரம் ஏறி வாங்க"

பணமும் அனுமதியும் இருந்தால் போதுமா? இல்லை. இதைவிடப் பெரிய விஷயம் ஒன்று இருக்கிறது.

மூட்டை தூக்கிக்கொண்டு ஒரு பெரியவர் மலை ஏறுகிறார். இளைஞர் படம் பிடிக்கிறார். வெளிச்சம் சரியில்லை. "ஐயா, கீழே இறங்கி இன்னொரு தரம் ஏறி வாங்க" என்கிறார். சொல்வது சுலபம். அந்தப் பெரியவருக்கு அது இன்னொரு மலை! அவருக்கு நடைக்கு இவ்வளவு என்று கூலி. படத்துக்காக ஏறும் நடைக்குக் கூலி யார் கொடுப்பது?

நடிகருக்குச் சம்பளம். காமிரா வாடகைக்குப் பணம். ஜீப்புக்குப் பெட்ரோல். கூலிக்காரர் நடைக்கு மட்டும் ஒரு டீயும் "ரொம்ப நன்றி ஐயா"வும். இந்தக் கணக்கு எந்த ஊர் நியாயம்? சின்னப் படம், கலைப் படம், சோதனைப் படம் என்று எந்தப் பெயர் சொன்னாலும் கூலி கூலிதான். அதை முதல் வரியில் எழுதிவிட்டுத்தான் லென்சு வாடகையை இரண்டாம் வரியில் எழுத வேண்டும்.

கேட்காமல் எடுப்பதும் இப்போது பெருகிவிட்டது. வயலில் சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு நிற்கும் பெண்ணைப் பஸ் ஜன்னலிலிருந்து எடுத்துக்கொண்டு போய் உலகத்துக்கே காட்டிவிடுகிறார்கள். அவள் வீட்டில் ஒரு மருமகன் இருப்பான். பள்ளிக்கூடம் போகும் பிள்ளை இருக்கும். "என்னம்மா, படத்தில் வந்திருக்கே" என்று பக்கத்து வீட்டுக்காரி சொல்லித்தான் அவளுக்கே தெரியும். தன் வீட்டுப் பெண்ணை இப்படி ஒருவன் எடுத்தால் அந்த இளைஞர் சும்மா இருப்பாரா?

இதற்கு மருந்து ஒன்றுதான். முதல் நாள் காமிராவைப் பையைவிட்டு எடுக்கக் கூடாது. ஜீப்பில் ஏறிப் போக வேண்டும். கூட நடக்க வேண்டும். கொடுத்த கஞ்சியைக் குடிக்க வேண்டும். "எந்த ஊரு தம்பி? எதுக்கு வந்திருக்கே?" என்று கேட்பார்கள். பதில் சொல்ல வேண்டும். இரண்டாம் நாளும் அப்படியே. மூன்றாம் நாள் அவர்களே கேட்பார்கள்: "ஏன் தம்பி, படம் புடிக்கணும்னியே, புடிக்கலையா?" அப்போது எடுத்த படத்துக்கும், பஸ் ஜன்னலில் திருடிய படத்துக்கும் உள்ள வித்தியாசம் திரையில் பளிச்சென்று தெரியும்.

மூன்று நாள் வீண் ஆகிறதே என்பவர்களுக்கு ஒரு லட்சம் மைல் அலைந்தவரைத்தான் காட்ட வேண்டியிருக்கிறது.

படம் ஊருக்குத் திரும்ப வேண்டும்

எடுத்த படத்தை எங்கே காட்டுவது?

இப்போது நடப்பது இதுதான். படம் வெளிநாட்டு விழாவுக்குப் போகிறது. பரிசு வாங்குகிறது. பத்திரிகையில் செய்தி வருகிறது. பிறகு இரண்டு மூன்று பட்டணத்துத் தியேட்டர்களில் பகல் காட்சி. அதற்குள் பெரிய படம் ஏதாவது வந்துவிடும். சின்னப் படத்தைத் தூக்கிவிடுவார்கள். "கூழாங்கல்" பரிசு வாங்கியது 2021-ல். வீட்டுத் திரைக்கு வந்தது 2023-ல். படத்தில் வரும் மண்ணைச் சேர்ந்தவர்கள் எத்தனை பேர் அதைப் பார்த்திருப்பார்கள்?

பழைய நாளில் இப்படி இல்லை. 1905-ல் திருச்சியில் ரயில்வே வேலை பார்த்த சாமிக்கண்ணு வின்சென்ட், ஊர் சுற்றி வந்த ஒரு பிரெஞ்சுக்காரரிடம் படம் காட்டும் கருவியை விலைக்கு வாங்கினார். வேலையை விட்டார். கூடாரத்தைத் தூக்கிக்கொண்டு ஊர் ஊராகப் போனார். படம் ஜனங்களைத் தேடிப் போயிற்று! பின்னால் வந்த டூரிங் டாக்கீசும் அதைத்தானே செய்தது?

அக்கிரகாரத்தில் கழுதையைக் காட்டி 1977-ல் தமிழில் ஒரு படம் எடுத்தார் ஜான் ஆபிரகாம். அவர் கேரளக்காரர். பிறகு நண்பர்களோடு சேர்ந்து "ஒடேசா" என்று ஒரு கூட்டம் அமைத்தார். ஊர் ஊராகப் போய்ச் சாப்ளின் படத்தைக் காட்டினார்கள். பார்த்தவர்களிடம் கையேந்தினார்கள். சில்லறை சில்லறையாகச் சேர்ந்த பணத்தில் 1986-ல் "அம்ம அறியான்" என்ற மலையாளப் படம் பிறந்தது. அதுவும் ஒரு பயணப் படம்தான். நண்பன் இறந்த செய்தியை அவன் தாயிடம் சொல்ல இளைஞர்கள் சிலர் புறப்பட்டுப் போகிறார்கள். போகப் போகக் கூட்டம் பெரிதாகிறது. பணம் கொடுத்த ஜனங்களிடமே படம் திரும்பிப் போயிற்று.

குமுளி மலைக்கு அந்தப் பக்கம் நடந்த காரியம், இந்தப் பக்கம் நடக்கக் கூடாதா?

ஊர்ப் பொது இடத்தில் படம் காட்டவும் தணிக்கைச் சான்றிதழ் வேண்டும். 1952-ம் ஆண்டுச் சட்டம் அது. அதற்கான கட்டணத்தையும் முதலிலேயே கணக்கில் எழுதிவிட வேண்டும். ஊராட்சியிலும் போலீசிலும் சொல்லி அனுமதி வாங்க வேண்டும். மற்றபடி ஒரு வெள்ளைத் திரை, வாடகைக்கு ஒரு புரொஜெக்டர், இரண்டு ஒலிபெருக்கிகள். உத்தமபாளையத்திலும் கூடலூரிலும் கல்யாண மண்டபம் இல்லாமலா போயிற்று? முகூர்த்தம் இல்லாத நாளில் அது பூட்டித்தானே கிடக்கிறது? போடிக்கு 2010 முடிவில் நின்றுபோன ரயில்கூட, 2023 ஜூனில் அகலப் பாதையில் திரும்பி வந்துவிட்டது. படம் வருவதற்கு எந்தத் தண்டவாளமும் போட வேண்டியதில்லை.

நேரம் மட்டும் யோசித்து வைக்க வேண்டும். ஏலத்தோட்டத்து ஜீப் திரும்ப இருட்டிவிடும். பெண்கள் வீட்டுக்குப் போய், உலை வைத்து, பிள்ளைகளுக்குச் சோறு போட வேண்டும். ஏழரை மணிக்கு முன்னால் படத்தைத் தொடங்கினால் அவர்கள் வர முடியாது. மறுநாள் விடியுமுன் மறுபடி ஜீப். ஒன்பது மணிக்கு மேல் படம் ஓடினால் அவர்கள் இருக்க முடியாது. ஆகவே படம் ஒன்றரை மணி நேரத்துக்குள் அடங்க வேண்டும். "கூழாங்கல்" ஒன்றேகால் மணி நேரம்தான். எட்டேமுக்காலுக்கு முடிந்துவிடும்.